மந்திரித்த மீனும் மச்சினன் வலையும்

கார்த்திகை மாதம், சனிக்கிழமை

சேசு மரி சூசை காவலில் திண்டுக்கல்லில் வாத்தியார் வேலை பார்க்கும் அன்புத் தம்பி அருளப்பனுக்கு, உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்காள் செபாஸ்தியம்மாள் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையில் இங்கே நானும் சினைப்பசுவும் வெங்காயமும் சுகம். அங்கே உன் சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். உன் பெண்டாட்டி சகாயராணியின் சுகத்தையும் கேட்டதாகச் சொல். உன் கல்யாணப் பந்தியில் என்னை அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது அவள் வீட்டார்தான் என்றாலும், சுகம் விசாரிப்பது நம் கடமை.

நீ எழுதிய கடிதம் வந்தது. நம் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையை உன் மச்சினன் கஸ்பாருக்கு விட நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்கிற குடும்பம் எல்லாம் சம்மதித்தால்தான் குத்தகை என்பது இங்கே ஊர்க் கட்டு. முதல் மடையில் பாய்கிற நிலம் உன் அத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போன நிலம் என்பதால் என் கையெழுத்துக்கு ஒரு கனம் உண்டு. அது தெரிந்துதான் உன் மச்சினனும் போன வாரம் இங்கே வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தோளில் ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்த்தால் வலை. நம் பக்கத்து நூல் வலை இல்லை, புதிதாக வந்திருக்கிற நைலான் வலையாம். மணப்பெண் முக்காடு மாதிரி அவ்வளவு மெல்லிசு, அவ்வளவு நெருக்கம்.

"யக்கா, தொட்டுப் பாருங்க. கொசுகூடத் தப்பாது" என்றான்.

"கொசு பிடிக்கவா வந்தே?" என்றேன்.

"இல்லக்கா, கிறிஸ்துமஸ் சந்தைக்கு. ஒரே நாள்ல கம்மாயை வழிச்சுத் தொடச்சிருவேன்."

"அப்ப அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் வேற கம்மா பாத்துக்கிருவேன். கம்மாய்க்கா பஞ்சம்?"

வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டேன், அது விருந்தாளி மரியாதை. கையெழுத்துப் போடவில்லை. பழமும் பாதி காய்.

தம்பி, நீ சிலேட்டும் பலப்பமுமாகப் பட்டணத்தில் இருக்கிறாய், உனக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. எனக்கோ எதுவும் மறக்காது. நாலு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு குத்தகைக்காரன் எங்கிருந்தோ வந்தான். பொடி வலை போட்டு இழுத்தான், விரல் நீளக் குஞ்சைக்கூட விடவில்லை. வலைக்குச் சிக்காமல் ஆழத்தில் ஒதுங்கியதைக் கிணறு வெட்டுகிற தோட்டாவைப் போட்டு வெடித்தான். செத்த மீன் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மிதந்தது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வீடு மீன் குழம்பு. நாங்களும் சட்டியை வழித்து நக்கிவிட்டு, கெட்டிக்காரக் குத்தகைக்காரன் என்று பேசிக்கொண்டோம். மறு வருஷம் கண்மாய் நிறைந்தது, மீன் இல்லை. தவளை மட்டும் கச்சேரி வைத்தது. கொக்கு வந்து ஒரு காலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. கொசு மட்டும் போகவில்லை. பிறகு பாஸ்குத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கறி ஆகாது, மீன் ஆகும் என்று கோவிலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மீனே இல்லாத ஊருக்கு என்ன இடம் கொடுத்து என்ன? கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டிப் புளி ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரால் துண்டு என்று நினைத்து விழுங்கினோம். ஏழாம் வெள்ளிக்குள் எனக்குக் கத்தரிக்காயைக் கண்டாலே செவுள் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் ஆனந்தமேரி வருகிறாள். என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. அவளைப் பற்றி நல்ல வார்த்தை எழுத என் கை கூசுகிறது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு மீன் பரிமாறும்போது வால் துண்டாகப் பார்த்து வைத்தவள். என் முட்டைக்கோழியைத் தன் கோழி என்று சாதித்து, அடைக்கு வைத்து, குஞ்சு எடுத்து, அந்தக் குஞ்சுகளுக்கு என் பெயரை வைத்துக் கூப்பிட்டவள். கை நிறையக் கண்ணாடி வளையல், வாய் நிறையச் சத்தம். பூசைக்கு வந்தால் சாமியார் பிரசங்கத்தைவிட அவள் வளையல்தான் நன்றாகக் கேட்கும். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கட்டும் என்றால் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அந்தத் தபசு நடுவிலேயே வெயில் ஏறிக் கண்மாய் வற்றி மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் சேறு மட்டும் மிஞ்சியது. விரால் இருக்கிறதே, அது தண்ணீர் போனாலும் சேற்றுக்குள் புதைந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற சாதி. ஆனந்தமேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தோட்டாவுக்குத் தப்பியது ஒன்றாவது இருக்கும் என்று கை விட்டுத் துழாவினாள். நான் கரையில் நின்று, "என்னத்தா, தாலியைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டேன். அவள் இன்னும் ஆழமாகக் கையை விட்டாள். சாயந்தரம் பார்த்தால் பானையில் கொஞ்சம் விரால், ஆணும் பெண்ணும். குழம்பு வைப்பாள், வாசனையாவது வரும் என்று நான் காத்திருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். மழை பெய்து கண்மாய் பெருகும்வரை அங்கே இருக்குமாம், பிறகு கண்மாயில் விடுவாளாம், விதைநெல் மாதிரியாம்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் அவள் முறை, மறுநாள் என் முறை. இதில் ஒரு வாய்க்கால் தகராறுகூட வராதபடி உன் அத்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். மீன் விஷயத்தை அவர் யோசிக்கவில்லை.

"உன் முறையில விட்ட மீனு என் முறையில ஏன் நீந்துது?" என்று கேட்டேன்.

"நீந்தாம என்ன செய்யுங்க்கா? உங்க முறை வந்தா எந்திரிச்சு எங்க வீட்டுக்கு வந்து உக்காரச் சொல்லவா?" என்றாள்.

"என் முறையில இருக்கிறது எனக்குச் சொந்தம். பிடிச்சுக் குழம்பு வைப்பேன்."

"வைங்க. அடுத்த தபசுக்கும் கத்தரிக்காயை வெட்டிக்கிட்டு உக்காந்திருங்க."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு ஏற்ற பதிலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு வந்த கஷ்டத்தைக் கேள். என் முறையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டினேன். மாடு பின்னே போனது, சால் இறங்கியது, மாடு முன்னே வந்தது, சால் ஏறித் தொட்டியில் கவிழ்ந்தது. தண்ணீரோடு ஒரு விரால். தொட்டியிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து பாத்தி. வெங்காயப் பாத்தியில் அது பாம்பு மாதிரி நெளிந்து போகிறது, நான் பின்னால் ஓடுகிறேன். பிடித்தால் வழுக்குகிறது, விட்டால் வெங்காயத்தை மிதிக்கிறேன். அதற்குள் கமலை அடுத்த சாலைக் கவிழ்க்க, அதில் இன்னொன்று. ஆனந்தமேரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யக்கா, வலப்பக்கம், வலப்பக்கம்! அது பொட்டை, பதனமாப் பிடிங்க!" என்று கத்துகிறாள். எனக்கு ஒத்தாசை செய்ய வரவில்லை, மீனுக்கு ஒத்தாசை. கடைசியில் தொட்டி வாயில் ஒரு மூங்கில் கூடையைச் செருகி வைத்தாள். அதற்குப் பிறகு மீன் கூடையில் நிற்கும், தண்ணீர் போகும், நான் ஒவ்வொன்றையும் எடுத்துத் திரும்பக் கிணற்றில் விட வேண்டும். என் மாடு, என் சால், என் முதுகு, அவள் மீன். அந்த வருஷம் வெங்காயம் பாதிதான். கணக்கில் வைத்திருக்கிறேன்.

பாஸ்கு முடிந்த வாரம் வீடு மந்திரிக்கச் சாமியார் வந்தார். கோவில் கிணறு வற்றிக் கிடந்ததால் தீர்த்தத்துக்கு நம் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். அன்றைக்கு என் முறை. கோவில் உபதேசியார் செப்புக்குடத்தை இறக்கி இறைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். சாமியார் உப்புப் போட்டார், லத்தீனில் மந்திரம் சொன்னார், மூன்று தரம் சிலுவை வரைந்தார். நாங்கள் எல்லோரும் முழங்காலில் நிற்கிறோம். "ஆமென்" சொல்லி உபதேசியார் குடத்தைச் செம்பில் சரித்தால், தீர்த்தத்தோடு சாண் நீளத்தில் ஒரு விரால் குதித்து அவர் மடியில் விழுந்தது. உபதேசியார் போட்ட சத்தத்தில் என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. சாமியார் நல்லவர், சிரித்துவிட்டு, "கொண்டுபோய்க் குழம்பு வைங்கம்மா" என்றார்.

யாரும் அசையவில்லை. மந்திரித்த மீனை எப்படி அரிவாள்மனையில் வைப்பது? செதில் எடுக்கவா, சிலுவை போடவா? "அம்மா, மந்திரிச்சது தண்ணியைத்தான், மீனை இல்லை" என்று சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் படித்தவர், அவருக்குச் சொல்வது சுலபம், சாப்பிடப்போவது நாங்கள் அல்லவா. நான்தான் அந்த மீனை முந்தானையில் ஏந்திக்கொண்டுபோய்த் திரும்பக் கிணற்றில் விட்டேன். என் முறையில் வந்த மீன், என் வாசலில் மந்திரித்த மீன் என்பதை நீ குறித்துக்கொள்.

ஆனந்தமேரி அப்போது ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவள் ஏதோ சமைக்கிறாள் என்று அர்த்தம். ஐப்பசியில் மழை கொட்டியது, கண்மாய் பெருகியது. கிணற்று மீனையெல்லாம் புதுப்பானைகளில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். மந்திரித்த விரால் எது, மற்றது எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாப் பானைக் கழுத்திலும் மல்லிகைச் சரம் சுற்றிவிட்டாள். கரை நிறைய ஊர் கூடியதும் வளையல் குலுங்கக் கையைத் தூக்கி, "இதுக்குள்ள மந்திரிச்ச மீனு இருக்கு. இனிமே இந்தக் கம்மாயில பிறக்கிறது எல்லாம் அதோட பிள்ளையோ பேரனோ யாரு கண்டா? துணிஞ்சவங்க பிடிச்சுத் திங்கலாம்" என்றாள்.

எங்கள் தெருவில் யாருக்கும் துணிச்சல் இல்லை. கீழத்தெரு நாச்சிமுத்து, மடை திறந்து அடைக்கிறவர், அவர்தான் முன்னால் வந்து, "ஏத்தா, உங்க சாமி மந்திரிச்சா அது உங்களோட. எங்க ஆளுகளுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

"தாராளமாப் பிடிங்கண்ணே. எது மந்திரிச்சது, எது மந்திரிக்காததுன்னு பாத்துப் பிடிங்க."

நாச்சிமுத்து தண்ணீரைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். "எந்தச் சாமியா இருந்தா என்ன? வயித்துக்குள்ள போயிக் கோவிச்சுக்கிட்டா நானுல்ல பதில் சொல்லணும்" என்று துண்டை உதறிவிட்டார். கீழத்தெருவும் அடங்கியது. போலீஸ் போட்டாலும், தண்டோரா போட்டாலும் அடங்காத ஊர் தம்பி இது.

இரண்டு வருஷம் யாரும் வலை நனைக்கவில்லை. மூன்றாம் வருஷம், அதாவது இந்த வருஷத் தபசுக்கு முன்னால், போதும் என்று ஆனந்தமேரியே சொன்னாள். சாமி கோபம் இரண்டு வருஷத்துக்குத்தான் என்று அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டேன். "குஞ்சு வளந்து அதுவும் குஞ்சு போட்டிருச்சு, இனிமே சாமிக்குக் கோவம் வராது" என்றாள். ஆனால் சும்மா விடவில்லை. மடைப் பள்ளத்தில் கை வைக்கக் கூடாது, அது தாய் மீன் ஒதுங்குகிற இடம். மழை மாதங்களில் வலையே கூடாது. கொண்டுவருகிற வலையின் கண்ணில் அவள் கைவளையல் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். வந்தால் போடலாம், குஞ்சுகள் அந்தக் கண் வழியாகத் தப்பிவிடும். வராவிட்டால் வலை அவளுக்கு. சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து மீசையும் வலையுமாக ஒருத்தன் வந்து வம்பு பேசினான். வளையல் சிக்கிக்கொண்டது. அந்த வலையில் இப்போது என் ஓரகத்தி வீட்டில் புடலை காய்க்கிறது. எனக்கு ஒரு காய் கொடுத்ததில்லை.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. இன்றைக்கு நீ சாயந்தரம் வந்து கரையில் செத்த நேரம் நின்று பார். தண்ணீர் சும்மா இருக்காது. இங்கே ஒரு துள்ளல், அங்கே ஒரு சுழி. போன கொக்கு சொந்தபந்தத்தோடு வந்திருக்கிறது. நீர்க்காக்கை மரத்தில் இறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கூடை நிறையப் பொடி மீன் பிடித்தாலும் ஆய்ந்து முடித்தால் முள்தான் மிஞ்சும், இப்போது ஒரு விரால் ஒரு குடும்பத்துக்குக் காணும். வியாழக்கிழமை பிடித்து வெள்ளிக்கிழமைக்கு எல்லா வீட்டிலும் வெஞ்சனம், அடுப்பெரியாத வீட்டுக்கும் ஒரு பங்கு. அதைவிட ஒன்று இருக்கிறது. இந்த மழை மாதத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்குக் கூட்டமாக மிதந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல். ஏதாவது கிட்டே வந்தால் தகப்பன் பாய்கிற பாய்ச்சலில் தண்ணீர் கிழியும். நான் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. இந்தக் கண்மாயில் தவளையைத் தவிர ஒன்றும் இல்லாமல் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன், இதையும் பார்க்கிறேன். நடுவில் நின்றவள் ஆனந்தமேரி. மகா கெட்டிக்காரி. எனக்கு வால் துண்டு வைத்த அதே கைதான் அந்தச் சேற்றுக்குள்ளும் துழாவியது. நான் என்ன செய்ய? இரண்டையும் பார்த்த கண் என்னுடையது.

ஆகையால் தம்பி, உன் மச்சினனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த முக்காட்டு வலையை எடுத்துக்கொண்டு அவன் கொடைரோடு போய் ரயிலேறி எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அவன் பேராசைக்காரன், வழித்து நக்குகிறவன், அரைப்பழத்தைச் சீப்பு என்று கொடுக்கிறவன். இதை அப்படியே அவனிடம் வாசித்துக் காட்டு. சகாயராணி கோபித்தால் கோபிக்கட்டும், அடுப்புப் புகையில் நானும் கோபித்தேன், யார் கேட்டார்கள்? நாளைப் பூசை முடிந்ததும் ஊர் கூடுகிறது. நான் ஒருத்தி எழுந்து நின்று, ஆனந்தமேரிக்காகத் தொண்டை கிழியப் பேசப்போகிறேன். அவள் எனக்கு நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ளவும் மாட்டேன்.

கோவில் மணி அடிக்கும்போதெல்லாம் உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன். சகாயராணிக்கும் ஒன்று சொல்கிறேன், அவள் குணத்துக்கு அது காணாது. மாதா உங்கள் எல்லோரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் செபாஸ்தியம்மாள்

பின்குறிப்பு: தபால்காரர் வராததால் கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று திங்கட்கிழமை. நேற்று பூசை முடிந்து ஊர் கூடியது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் ஆனந்தமேரி, "யக்கா, உக்காருங்க. கஸ்பாருக்குக் கம்மாயைக் கொடுக்கிறதா நான் வாக்குக் கொடுத்துட்டேன்" என்கிறாள். என் வீட்டிலிருந்து போனவன் நேராக அவள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இதையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். அவள் என் காதில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு வருசத்துக்குக் கொடுத்தா வழிச்சிட்டுப் போயிருவான்க்கா. நான் அஞ்சு வருசத்துக்குக் கொடுத்திருக்கேன். இந்த வருசம் வழிச்சா மிச்ச நாலு வருசமும் தவளையத்தான் எண்ணணும். அவனே காப்பான் பாருங்க."

நாச்சிமுத்து முதற்கொண்டு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இன்று காலை பாத்திரம் விளக்கக் கண்மாய்க்குப் போனேன். உன் மச்சினன் முழங்கால் தண்ணீரில் கம்போடு நிற்கிறான். "யக்கா, அங்கிட்டுப் போங்க, சாம்பலைக் கொட்டிக் கலக்காதீங்க, இங்கன குஞ்சு நிக்குது" என்று என்னை விரட்டுகிறான். என்னை! முதல் மடைக்காரியை! ஆகவே மேலே எழுதிய எதையும் அவனிடம் வாசித்துக் காட்டாதே. நீ உடனே புறப்பட்டு வா. நான் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் பாத்திரம் விளக்க எனக்கு மட்டும் ஒரு கல் இடம் விட வேண்டும் என்று அவனிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கொடு.